மோர்கன் காரும் நம்மூர் ஓடாவிமாரும்

கார் செய்வது என்றதும் ரோபோ கைகள் வெல்டிங் அடிக்கும் பெரிய தொழிற்சாலைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கிலாந்தின் மோல்வர்ன் என்ற சிறிய ஊரில் இன்றைக்கும் ஓடாவிமார் மரம் சீவி, தகட்டைக் கையால் பொருத்தி, 1930களின் சாயலில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறார்கள். கம்பனியின் பெயர் மோர்கன். வயது நூறைத் தாண்டிவிட்டது.

காசுள்ளவர்கள் வாங்கும் கார்தான் அது. நாம் யாரும் வாங்கப் போவதில்லை. இருந்தாலும் கைத்தொழில் எப்படிச் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்பதை அறிய அதன் வரலாறு நமக்குத் தேவை.

*பாடசாலைப் பட்டறையில் பிறந்த கார்*

இதை ஆரம்பித்தவர் எச்.எஃப்.எஸ். மோர்கன். 1881இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ஸ்விண்டன் நகரில் ரயில்வே வேலைத்தளத்தில் தொழில் பழகி, பிறகு மோல்வர்னில் ஒரு கராஜ் திறந்தார். 1909இல் மூன்று சில்லுள்ள சிறிய வண்டியொன்றைச் செய்தார். அதைச் செய்து முடிக்க அவருக்கு உதவியவர் மோல்வர்ன் கல்லூரியின் பொறியியல் ஆசிரியர் ஸ்டீபன்சன்-பீச். வேலை நடந்த இடமும் அந்த ஆசிரியரின் பட்டறைதான். ஒரு பாடசாலையில் நல்ல பட்டறையும், அதைத் திறந்துவிட மனமுள்ள ஆசிரியரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தேவையில்லை.

1910இல் வண்டிகள் விற்பனைக்கு வந்தன. மூன்று சில்லு வண்டி எடை குறைந்தது, விலை மலிந்தது. அதனால் நன்றாக ஓடியது. 1936இல் முதல் நான்கு சில்லுக் கார் வந்தது. நான்கு சிலிண்டர், நான்கு சில்லு. அதனால் பெயரே ‘4-4’. இன்று நாம் படங்களில் பார்க்கும் நீண்ட பொனட், அலைபோல் இறங்கும் மட்கார்ட், தாழ்ந்த கதவு எல்லாம் அந்தக் காரின் வாரிசுகள்.

*பொடி எப்படிக் கட்டப்படுகிறது?*

முதலில் ஒரு தவறான கதையை ஒதுக்கி வைப்போம். மோர்கனின் சேசி மரத்தால் ஆனது என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. எஞ்சினையும் சில்லுகளையும் தாங்கும் சேசி நெடுங்காலம் இரும்பாக இருந்தது, இப்போது அலுமினியம். மரம் இருப்பது அதற்கு மேலே, பொடிக்குள். நாம் கூரைக்குக் கைமரமும் சலாகையும் வைத்து அதன்மேல் ஓடு போடுகிறோம் அல்லவா? அதேபோல் மரச்சட்டம் உருவத்தைத் தருகிறது, தகடு அதை மூடுகிறது.

மரம் ‘ஆஷ்’ எனப்படும் ஐரோப்பிய மரம். கிரிக்கெட் ஸ்டம்பும் சுத்தியல் பிடியும் செய்வது இதில்தான். நேரான இழை, நல்ல வலு, அடி விழுந்தால் வளைந்து கொடுக்கும் குணம். குலுங்கிக் குலுங்கி ஓடும் காருக்கு இந்தக் குணம் முக்கியம்.

பின் சில்லுக்கு மேலுள்ள வளைவைச் செய்வதுதான் இதில் அழகான வேலை. ஒரே பலகையில் வளைவை அறுத்தெடுத்தால் இழை குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடத்திலேயே உடையும். அதனால் மெல்லிய ஆஷ் பட்டைகளுக்குப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் வளைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி விடுகிறார்கள். பசை காய்ந்ததும் கழற்றினால் வளைவு அப்படியே நிற்கும். இழை முழு நீளத்துக்கும் ஓடுவதால் வலுவும் போகாது.

சட்டம் முடிந்ததும் கதவுகளைத் தொங்கவிட்டு, இடைவெளி சரியா என்று பார்த்து, கூடுதலான இடத்தைச் சீவுகிறார்கள். பிறகுதான் தகடு. ஓரங்களை மடித்து மரத்தோடு பிணைக்கிறார்கள். பொனட் அந்தந்தக் காருக்கே அளந்து பொருத்தப்படும். ஒரு காரின் பொனட்டை இன்னொன்றில் வைத்தால் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது.

இது வெறும் பழமைப் பாசமா? இல்லை, இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் மட்கார்டாக்கும் அச்சு மிகவும் விலை கூடியது. இலட்சக்கணக்கில் கார் விற்பவருக்கு அந்தச் செலவு ஒரு காருக்குச் சொற்பமாகிவிடும். வருடத்துக்குச் சில நூறு கார் செய்பவருக்கோ அச்சை வாங்குவதைவிட நல்ல கைகளுக்குச் சம்பளம் கொடுப்பது இலாபம்.

*மூன்று சோதனைகள்*

முதலாவது, ஓட்டப் போட்டி. பிரான்சின் லீ மான் 24 மணி நேரப் போட்டியில் 1961இல் மோர்கனுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடமே, 1962இல், கிறிஸ் லோரன்சும் ரிச்சர்ட் ஷெப்பர்ட்-பரனும் ஓட்டிய ‘பிளஸ் 4’ தன் 2 லீற்றர் பிரிவில் முதலிடம் பெற்றது. மரச்சட்டம் வைத்த கார் ஒரு முழு இரவும் பகலும் விரட்டப்பட்டும் நின்று பிடித்தது.

இரண்டாவது, நவீனமாகும் ஆசை. 1963இல் மோர்கனே பைபர் கிளாஸ் பொடியுடன், கூரை மூடிய புதுமையான ‘பிளஸ் 4 பிளஸ்’ என்ற காரை வெளியிட்டது. சில வருடங்களில் செய்யப்பட்டவை மொத்தம் 26 தான். மற்றவர்களைப் போன்ற கார் வேண்டுமென்றால் மற்றவர்களிடமே வாங்கலாமே! மோர்கனிடம் வந்தவர்கள் தேடியது மோர்கனைத்தான்.

மூன்றாவது, அறிவுரை. 1990இல் பிபிசி தொலைக்காட்சியின் ‘டிரபிள்ஷூட்டர்’ நிகழ்ச்சிக்காக சேர் ஜோன் ஹார்வி-ஜோன்ஸ் பட்டறைக்கு வந்தார். ஐ.சி.ஐ. என்ற பெரும் கம்பனியின் தலைவராக இருந்தவர். பாதி முடிந்த கார்களைக் கொட்டகைக்குக் கொட்டகை கையால் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் வருடக்கணக்கில் காத்திருந்ததையும் அறிந்தார். உற்பத்தியைக் கூட்டுங்கள், விலையை ஏற்றுங்கள், முறையை மாற்றுங்கள் என்றார். தந்தை பீற்றர் மோர்கனும் மகன் சார்ள்ஸும் உடன்படவில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பான பிறகு கம்பனிக்கு ஆதரவும் ஓடர்களும் பெருகின.

*அவர்கள் எதை மாற்றினார்கள்?*

இங்கேதான் நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். “பழசைவிட மாட்டோம்” என்ற பிடிவாதம் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

எஞ்சினை அவர்கள் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1968இல் ரோவரின் வி8, 2000இல் ‘ஏரோ 8’ காரில் பி.எம்.டபிள்யூ. எஞ்சின். கையால் வளைக்க மிகவும் கஷ்டமான மட்கார்டை, அலுமினியத் தகட்டைச் சூடாக்கிக் காற்றழுத்தத்தால் உருவாக்கும் முறைக்குக் கொடுத்தார்கள். உற்பத்தியையும் 1990க்குப் பிறகு மெல்ல மெல்லக் கூட்டினார்கள். ஹார்வி-ஜோன்ஸ் சொன்னதில் பாதியைத் தங்கள் வேகத்தில் செய்தார்கள் என்றே சொல்லலாம். 2019இல் கம்பனியின் பெரும்பங்கு ஒரு இத்தாலிய முதலீட்டு நிறுவனத்திடம் போனது. 2020 உடன் பழைய இரும்புச் சேசியும் விடைபெற்றது.

உரிமையாளர் மாறினார், சேசி மாறியது, எஞ்சின் பல தடவை மாறியது. ஆஷ் சட்டமும் அதைக் கட்டும் கைகளும் மட்டும் மாறவில்லை. தங்கள் தொழிலின் உயிர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*நமக்கு இதில் என்ன?*

இந்தக் கலை நமக்கு அந்நியமானதல்ல. நம் வீதிகளில் ஓடிய மொரிஸ் மைனரை யாரும் மறக்கவில்லை. அதன் ‘டிரவலர்’ வகையின் பின்பகுதியும் இதே ஆஷ் மரச்சட்டம்தான். இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைப் புதுப்பித்த நிலையமொன்றுக்காக, அதன் பொடி பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன. ஆங்கிலேயரின் காருக்கு நம் நாட்டுக் கைகள் தகடு அடித்துக் கொடுத்தன.

நம் ஊர்களிலும் வெறும் சேசியாக வந்த லொறிக்கு மரச்சட்டம் வைத்துப் பொடி கட்டிய ஓடாவிமார் இருக்கிறார்கள். நசுங்கிய கதவைத் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்கே கொண்டுவரும் டிங்கர் பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்களின் அளவுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை, கையிலும் கண்ணிலும்தான் இருக்கின்றன. பழக வருபவர் குறைந்துகொண்டே போகிறார்கள். சாதாரண தரத்தில் சறுக்கிய பிள்ளையை “இனிக் கராஜுக்குத்தான் போக வேண்டும்” என்று தண்டனைபோலச் சொல்கிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தத் தொழிலை நாம் தாழ்த்திவிட்டோம்.

மோல்வர்னில் ஒரு மரச்சட்டம் நூற்றாண்டைத் தாண்டியதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் அதைப் பழகிக்கொள்ள ஆள் இருந்ததுதான். உங்கள் ஊரில் லொறிப் பொடி கட்டிய மூத்த ஓடாவியார் யார்? அவர் இருக்கும்போதே ஒரு மாலை போய் உட்கார்ந்து, எந்த மரம், எந்த அளவு, யாரிடம் பழகினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். போகும்போது தொழில் பழக விருப்பமுள்ள ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.