ரிமோட் காரின் ஸ்பிரிங்கும் பாரமும்: அச்சொட்டாகச் செய்தும் ஏன் துள்ளுகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

பெருநாள் கழிந்தால் எமதூர் ஒழுங்கையெல்லாம் ரிமோட் கார்தான். பெருநாள் காசில் பாதி அதிலேயே போய்விடும். பத்தாம் தரத்தில் படிக்கும் ஒரு மாணவர் போன கிழமை என்னிடம் கேட்டார்: "சேர், லேண்ட் குரூசர் மாதிரியே அச்சொட்டாச் செஞ்சிருக்காங்க. கண்ணாடி, லைட் எல்லாம் சரி. ஓட விட்டா மட்டும் ஏன் விளையாட்டுச் சாமான் மாதிரித் துள்ளுது?" பக்கத்தில் நின்ற கூட்டாளி, "பாரம் காணாதுடா, அதான்" என்றார்.

அநேகமான வாப்பாமாரும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இந்தப் பதில் பாதிதான் சரி. மற்றப் பாதிக்குப் பின்னால் நல்லதொரு வரலாறு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் நாம் மனனம் செய்துவிட்டு மறந்துபோகிற சமன்பாடுகள்தான் அந்த வரலாறு முழுக்க வேலை செய்கின்றன. அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். 1,500 கிலோ உள்ள ஒரு காரைப் பத்தில் ஒரு பங்காகச் சிறுப்பிக்கிறோம் என்று வையுங்கள். நீளம் பத்தில் ஒன்று, அகலம் பத்தில் ஒன்று, உயரமும் பத்தில் ஒன்று. கனவளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். பாரமும் அப்படியே, ஒன்றரைக் கிலோ. பந்தயத்தில் ஓடும் பத்திலொரு பங்கு ரிமோட் கார்கள் இன்றைக்கும் ஏறத்தாழ அந்த நிறைதான், சற்றுக் குறையும். கடையில் வாங்கும் பதினாறில் ஒரு பங்குக் கார் என்றால் கணக்குப்படி 366 கிராம் இருக்க வேண்டும். சில்லறைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பெரிய வித்தியாசம் வராது. உருவம் வளரும்போது பரப்பளவும் கனவளவும் வெவ்வேறு வேகத்தில் வளரும் என்பதை கலிலியோ 1638இல் வெளிவந்த தன் நூலிலேயே எழுதிவிட்டார். ஆகவே பாரம் காணாது என்பதல்ல பிரச்சினை. பாரம் சரியாகத்தான் சிறுத்திருக்கிறது. சிறுக்காமல் நிற்பது வேறொன்று. அதுதான் புவியீர்ப்பு.

இதைச் சரியாகப் பிடித்தவர் கார்க்காரர் அல்ல, கப்பல்காரர். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் புரூட் என்ற பொறியியலாளர் 1860களில் சிறிய மாதிரிக் கப்பல்களை ஆற்றில் இழுத்துப் பார்த்தார். பிறகு 1872இல், கடற்படையின் காசில், டோர்க்கி என்ற ஊரில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே நீண்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகில் செய்த கப்பல்களை அதில் இழுத்தார். சிறிய கப்பலின் அலை பெரிய கப்பலின் அலையைப் போல் வர வேண்டுமென்றால், வேகத்தை நீளத்தின் அளவுக்குக் குறைக்கக் கூடாது, நீளத்தின் வர்க்கமூலத்தின் அளவுக்கே குறைக்க வேண்டும் என்று காட்டினார். நேரத்துக்கும் அதே கணக்குத்தான்.

ஊசல் பாடம் படித்த பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும். நூல் நான்கு மடங்கு கட்டையானால் ஆட்டம் இரண்டு மடங்கு விரைவாகும். காரும் அப்படித்தான். ஒரு சாதாரண குடும்பக் கார் வேகத்தடையில் ஏறி இறங்கினால் அதன் உடல் செக்கனுக்கு ஒன்றேகால், ஒன்றரைத் தடவை என்ற கணக்கில் அசையும். மெத்தென்ற அந்த அசைவைத்தான் எங்கள் கண் "பாரமான வாகனம்" என்று வாசிக்கிறது. அதே காரைப் பத்தில் ஒன்றாக, ஸ்பிரிங் அமுங்கும் அளவையும் சேர்த்து, ஒரு பிழையும் இல்லாமல் சிறுப்பித்தால் அது செக்கனுக்கு நான்கு தடவைக்கு மேல் அசையும். பத்தின் வர்க்கமூலம் 3.16. அவ்வளவு மடங்கு அவசரம். அச்சொட்டாகச் செய்ததனால்தான் அது துள்ளுகிறது!

சரி, ஸ்பிரிங்கை இன்னும் மெதுவாக்கினால் என்ன? ஆக்கலாம். ஆனால் செக்கனுக்கு ஒன்றேகால் தடவை அசைய வேண்டுமென்றால், அந்த ஸ்பிரிங் காரின் பாரத்தில் மட்டும் பதினாறு சென்ரிமீற்றர் அளவுக்கு அமுங்கி நிற்க வேண்டும். பத்திலொரு பங்குக் காரின் மொத்த உயரமே அவ்வளவு இல்லை. இந்த முட்டுச்சந்தில்தான் ரிமோட் கார் செய்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு காலத்தில் வந்து முட்டினார்கள்.

கடைக்கு வந்த முதலாவது ரிமோட் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இத்தாலிய நிறுவனம் ஒன்று 1966இல் வெளியிட்ட பெராரி 250 எல்எம். பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் உண்மையான கதை ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்தில்தான் சூடு பிடிக்கிறது. அங்கே 1946இல் மரவியாபாரமாகத் தொடங்கிய டமியா நிறுவனம், மரத்தில் மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறியது. நிறுவனரின் மகன் ஷுன்சாக்கு டமியா, நுணுக்கத்தில் பைத்தியம் பிடித்த மனிதர். போர்ஷே 934 என்ற பந்தயக் காரை மாதிரியாகச் செய்வதற்காக உண்மையான போர்ஷே 911 ஒன்றையே காசு கொடுத்து வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்தார். கழற்றியதைத் திரும்பப் பூட்ட போர்ஷே ஆட்களைத்தான் கூப்பிட வேண்டி வந்தது என்று சொல்வார்கள். 1976இல் அந்த மாதிரிக்குள் மோட்டாரையும் ரேடியோவையும் வைத்து ரிமோட் காராக விற்றார்கள். டமியாவின் முதல் ரிமோட் கார் அதுதான். (தாங்கி ஒன்றை 1974இலேயே ரிமோட்டில் ஓட விட்டிருந்தார்கள்.)

வெளித்தோற்றத்தில் குறை சொல்ல முடியாத கார் அது. ஆனால் அந்தக் காலத்துப் பந்தய ரிமோட் கார்கள் பலவற்றில் ஸ்பிரிங் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை. தட்டையான பலகை போன்ற அடித்தட்டு, அது வளைந்து கொடுப்பதுதான் சஸ்பென்ஷன். மட்டமான தரையில் அம்பு போல் போகும், அவ்வளவுதான்.

1979இல் டமியா மணலில் ஓடும் பக்கிகளுக்கு மாறியது. சேண்ட் ஸ்கோச்சர் என்பது அதில் பேர்போனது. வொக்ஸ்வாகன் பீட்டில் காரின் முன்பக்கக் கைகள் எப்படி அமைந்திருக்குமோ அதே அமைப்பை வார்ப்பு உலோகத்தில் செய்து, ஒயில் நிரப்பிய ஷொக் அப்சோபரும் போட்டார்கள். 1981இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் அதற்கும் ஒருபடி மேல். எங்கள் லொறிகளில் அடுக்கடுக்காகப் போட்டிருக்கும் பட்டை ஸ்பிரிங் இருக்கிறதே, அதையே விரல் நீளத்தில் செய்து போட்டார்கள். உலோகச் சேஸி, மூன்று கியர் உள்ள கியர்பெட்டி. கையில் தூக்கினால் கனக்கும்.

என் பார்வையில், பார்ப்பதற்கு உண்மை போல் ஓடிய முதல் ரிமோட் வாகனம் அந்த ஹைலக்ஸ்தான். அதற்குக் காரணம் நுணுக்கம் மட்டும் அல்ல. அந்த உலோகமெல்லாம் சேர்ந்து கணக்குக்கு மிஞ்சிய பாரமாகிவிட்டது. கியரும் அதை ஆறுதலாக நகர்த்தியது. திணிவு கூடினால் அதே ஸ்பிரிங் மெதுவாக அசையும். பாரம் இரண்டு மடங்கானால் அசைவு 1.4 மடங்கு மெதுவாகும். ஆக, பாரம் காணாது என்று சொன்ன அந்தக் கூட்டாளி இந்த இடத்தில் பாதி வெல்கிறார்: உண்மையான வாகனம் போல் தெரிய, உண்மையான கணக்கை விட அதிகப் பாரம் வேண்டும்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்கள் அமெரிக்கர்கள். கலிபோர்னியாவின் அசோசியேட்டட் நிறுவனத்தில் ரொஜர் கேர்ட்டிஸ் என்பவர் வடிவமைத்த ஆர்சி10 என்ற பக்கி 1984இல் வந்தது. எந்த உண்மையான காரையும் அது பார்த்து எழுதவில்லை. தங்க நிற அலுமினியத் தொட்டி போன்ற அடித்தட்டு, நீண்ட கைகள், சிலிக்கன் ஒயில் நிரப்பிய நீண்ட ஷொக் அப்சோபர்கள். மேடு பள்ளத்தில் சில்லு மட்டும் அசையும், உடல் அசையாது. 1985இல் கலிபோர்னியாவில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் இரு சில்லு இயக்கப் பிரிவை வென்றது அந்தக் கார்தான், ஓட்டியவர் ஜே ஹால்சி. அதே 1984இல் டமியா விற்ற கிராஸ்ஹொப்பர் என்ற மலிவுக் காரில் ஒயில் இல்லாத வெறும் ஸ்பிரிங்தான் இருந்தது. வெட்டுக்கிளி என்ற பெயருக்கு ஏற்றபடி துள்ளியது. ஆனாலும் பிள்ளைகள் அதைத்தான் கூடுதலாக விரும்பினார்கள், அது வேறு கதை.

பந்தயக்காரருக்கு வேண்டியது பிடிப்பு. அதனால் மட்டமான தளத்தில் ஓடும் பந்தயக் கார்களில் சரியான அளவை விடப் பல மடங்கு இறுக்கமான ஸ்பிரிங் போடுகிறார்கள், பாரத்தையெல்லாம் நடுவில் குவிக்கிறார்கள், புவியீர்ப்பு மையத்தைத் தரையோடு ஒட்ட வைக்கிறார்கள். கார் நினைத்த மாத்திரத்தில் திரும்பும். பார்ப்பதற்கு எலி ஓடுவது போல் இருக்கும். உண்மைக் காரில் எஞ்சின் ஒரு முனையிலும் ஆட்களும் சாமான்களும் வேறு இடத்திலும் இருப்பதால், அது திரும்ப யோசிக்கும், பிறகுதான் திரும்பும். அந்த யோசனையைப் பந்தயக்காரர்கள் வேண்டுமென்றே அழித்தார்கள். அவர்கள் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுடைய தேவை அது.

2000க்குப் பிறகு அலை திரும்பியது. கல்லிலும் பாறையிலும் ஆமை போல் ஏறும் வண்டிகள் வந்தன, அக்சியல், டிராக்சஸ் போன்ற நிறுவனங்கள் அதில் பேரெடுத்தன. இரண்டரை, மூன்று கிலோ என்று இங்கே பாரம் திரும்ப ஏறியது. ஆனால் எங்கே ஏற்றுவது என்பதில்தான் விசயம் இருக்கிறது. சில்லுக்குள்ளும் அச்சிலும் பித்தளைக் கட்டிகளைப் பூட்டினால் வண்டி சரிவில் கவிழாது. ஆனால் அந்தப் பாரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் உடலின் ஆட்டத்தை மெதுவாக்காது. ஆட்டம் மெதுவாக வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்கு மேலே, சேஸியில் பாரம் வேண்டும். அதைக் கூட்டினால் கவிழும் பயம். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொருவரும் தன் வண்டிக்குத் தானே கணக்குப் பிடிக்க வேண்டியதுதான். கூடவே மெல்லிய ஸ்பிரிங்கும் தடித்த ஒயிலும் போடுவார்கள். பாகுநிலை கூடிய ஒயிலில் உடல் மெல்லச் சாயும், மெல்ல நிமிரும். அளவுக்கு மிஞ்சித் தடித்தால் சில்லு பள்ளத்தில் இறங்க மறந்து அந்தரத்தில் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ஜப்பானிய டிரிப்ட் ஓட்டக்காரர்களுடையது. ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான கடின பிளாஸ்டிக் வளையத்தைப் போட்டார்கள். கார் வழுக்கிக்கொண்டு, பின்பக்கத்தை வீசியபடி வளைவில் போகும். வழுக்கவேண்டும் என்றுதான் செய்தார்கள், ஆனால் அதற்குள் இன்னொரு காரியமும் நடந்துவிட்டது. வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. புவியீர்ப்பைச் சிறுப்பிக்க எங்களால் முடியாது, உராய்வைச் சிறுப்பிக்க முடியும். பிடிப்பு நான்கில் ஒன்றானால், அதே வளைவில் போகக்கூடிய வேகம் பாதியாகும். அதாவது எல்லாம் இரண்டு மடங்கு ஆறுதலாக நடக்கும். 3.16 மடங்கு அவசரம் ஒன்றரை மடங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த வீடியோக்களில் கார் உண்மையானது போல் தெரிவதற்கு, பெயின்டை விட இந்தக் கணக்குத்தான் காரணம்.

வீட்டில் இருக்கும் மலிவுக் காருக்கு என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஸ்பிரிங் தனியாகக் கழலுமென்றால், பேனாவுக்குள் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டிப் போட்டுப் பாருங்கள். சேஸியின் இரண்டு முனைகளிலும், முன்னுக்கும் பின்னுக்கும் சமமாக, இரும்பு நட்டுகளை ஒட்டுங்கள். நடுவில் ஒட்டினால் பாரம் கூடும், ஆனால் திரும்பும் அவசரம் அவ்வளவாகக் குறையாது. கார் நின்ற நிலையில் ஸ்பிரிங் தன் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் சில்லுக்குக் கீழே பள்ளத்தில் இறங்கவும் இடமிருக்கும். ஈயத்துண்டு பாவிக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகள் கைபட்டு வாயில் வைப்பார்கள்.

ஒன்றையும் கழற்ற விரும்பாதவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. சினிமாவில் சிறிய மாதிரிகளைப் படமெடுப்பவர்கள் புரூட்டின் அதே வர்க்கமூலத்தைத்தான் நெடுங்காலமாகப் பாவிக்கிறார்கள்: மாதிரி எத்தனையில் ஒரு பங்கோ, அதன் வர்க்கமூலம் அளவுக்குப் படத்தை மெதுவாக்குவார்கள். பதினாறின் வர்க்கமூலம் நான்கு. உங்கள் போனில் செக்கனுக்கு 120 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால், அதை 30 படமாக ஓட விட்டால் சரியாக நான்கு மடங்கு மெதுவாகும். பதினாறில் ஒரு பங்குக் காரைக் கல்லு மண்ணு உள்ள ஒழுங்கையில் ஓட விட்டு, போனைத் தரையோடு ஒட்ட வைத்து எடுத்துப் பாருங்கள். எடுத்த வீடியோவை இந்தப் பதிவின் கீழே போடுங்கள், எந்தக் காரில் ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.