கழற்றிப் பூட்டிய கைகள்

ஒரு நாட்டின் வேளாண்மை வரலாறு எழுதப்படும்போது அணைகளும் கால்வாய்களும் விதைகளும் பேசப்படுகின்றன. கடன் ஒப்பந்தங்களும் ஐந்தாண்டுத் திட்டங்களும் பேசப்படுகின்றன. பட்டறைக் கொட்டகையில் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு நின்ற கம்மியர் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஓடாத இரண்டு எந்திரங்களைக் கொண்டு ஓடும் ஓர் எந்திரத்தை ஆக்கிய அவர்தம் தொழில், விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பசிக்காலத்தில் எங்ஙனம் பயன்பட்டது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல நாட்டுக் கை

சோழ மன்னனுக்கு மண்டபம் சமைத்த கம்மியரைப் பற்றி மணிமேகலை பேசுகிறது. மகதத்தினின்றும் மராட்டத்தினின்றும் அவந்தியினின்றும் வந்தவர்களும் யவனத் தச்சர்களும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடி அதனை ஆக்கினர் என்பது அக்காப்பியம் தரும் செய்தி. வெவ்வேறு இடத்துக் கைகள் ஒன்றுகூடி ஒரு பொருளை ஆக்குவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. வெவ்வேறு எந்திரத்தின் உறுப்புகள் ஒன்றுகூடி ஓர் எந்திரம் ஆவது மட்டும் பிற்காலத்தது.

அக்கருத்தின் வரலாற்றில் பிரெஞ்சு நாட்டுக்குத் தனியிடம் உண்டு. ஒனொரே பிளான் என்னும் துப்பாக்கிக் கம்மியர், ஒரே அளவினவாகச் செய்த விசை உறுப்புகளைத் தனித்தனியே குவித்து வைத்திருந்தார். பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1785ஆம் ஆண்டு அதனைக் கண்டார். கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே பூட்டிப் பார்த்தபோது, அவை பிழையின்றிப் பொருந்தியதாக ஜான் ஜேக்கு எழுதிய மடலில் குறித்தார். எந்த உறுப்பும் எந்தக் கருவியிலும் பொருந்தும் என்னும் இம்முறை பின்னர் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேரூன்றியது. அதன் வழிவந்தவையே இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையோடு உலகெங்கும் சென்ற புல்டோசர்களும், இருப்புச் சங்கிலியின்மேல் ஊர்ந்து செல்லும் டிராக்டர்களும்.

நாணலும் படைக்கழிவும்

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தின் வடு ஆறுமுன்னரே 1947இல் நாடு பிரிந்தது. மேற்குப் பஞ்சாபின் நீர்வளம் மிக்க கோதுமை நிலங்கள் எல்லைக்கு அப்பால் போயின. இருக்கும் நிலத்தைப் பயனுறச் செய்வது உடனடித் தேவையாயிற்று. மத்திய இந்தியாவில் சாகர், ஜான்சி முதலிய பகுதிகளில் பரந்த விளைநிலம் தரிசாகக் கிடந்தது. வடவர் ‘கான்ஸ்’ எனவும் தமிழர் நாணல் அல்லது பேய்க்கரும்பு எனவும் வழங்கும் புல் அங்குப் பரவி உழவரை வெளியேற்றியிருந்தது. அதன் வேர் ஆழமானது. எருது பூட்டிய ஏர் மேலோட்டமாகக் கீறிச் செல்லுமேயன்றி வேரை எட்டாது. அறுபட்ட துண்டும் மீண்டும் தளிர்க்கும். கடுங்கோடையில் ஓரடி ஆழத்துக்கு மண்ணைப் புரட்டி, வேரை வெயிலில் காயவிட்டாலன்றி அப்புல் அழியாது.

அத்தகைய உழவுக்கு ஏற்ற ஆற்றல் சங்கிலி டிராக்டருக்கே இருந்தது. 1947இல் மத்திய டிராக்டர் அமைப்பு தோன்றியது. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஏறத்தாழ 200 டிராக்டர்களே அதன் முதல் முதலீடு. அசாமின் லெடோவிலிருந்து மலைக்காட்டினூடே சீனத்தை நோக்கிச் சாலை சமைத்த படைக்குரிய எந்திரங்கள் போர் முடிந்ததும் உபரிப் பொருளாகியிருந்தன. சேற்றிலும் மழையிலும் உழைத்துத் தேய்ந்தவற்றைச் செப்பனிட்டுக் களத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை. உழவுக்குரிய பருவமோ கோடையின் சில மாதங்களே. பருவத்தில் ஓர் எந்திரம் நின்றால் அது உழவேண்டிய நிலம் மற்றோர் ஆண்டு நாணலுக்கே உரியதாகும். கடல் கடந்து வரும் உதிரி உறுப்புக்காகக் காத்திருக்கப் பருவம் இடம் தராது.

ஈவதும் ஏற்பதும்

இந்நிலையில் உலகெங்கும் கம்மியர் கைக்கொண்ட வழி ஒன்றே. மீளமுடியாதெனத் தோன்றும் எந்திரத்தைக் கழற்றி, அதன் நல்லுறுப்புகளை மீளக்கூடியதில் பூட்டுவர். கேட்க எளிதாகத் தோன்றும் இவ்வேலை உண்மையில் நுட்பமானது.

சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பின்னும் புஷ்ஷும் ஒருபுறமாகத் தேயும்; தேயத் தேயச் சங்கிலி நீளும். அவற்றைக் கழற்றி அரைவட்டம் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் உழைக்கும். சங்கிலிக்கு இரண்டாம் வாழ்வு கிடைக்கும். நீண்ட சங்கிலியைப் புதிய பற்சக்கரத்தின்மேல் ஏற்றினால் சக்கரம் விரைந்து கெடும். ஆதலின் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தவை ஒன்றாகவே இடம் பெயர வேண்டும். கூம்புப் பற்சக்கரங்களும் அத்தகையனவே. டீசல் பம்பின் உருளையும் தண்டும் இணையாகவே தேய்த்துப் பொருத்தப் பெற்றவை. இணையைப் பிரித்தால் இரண்டும் பயனற்றுப்போம். எந்த உறுப்பும் எங்கும் பொருந்தும் என்பது தொழிற்சாலையின் விதி. உழைத்த பின்னர் ஒவ்வோர் உறுப்பும் தன் துணையின் தேய்மானத்தைத் தாங்கி நிற்கிறது என்பது பட்டறையின் விதி. இரண்டனையும் அறிந்தவனே கம்மியன்.

அதனினும் கடினமானது, எந்த எந்திரம் ஈவது, எந்த எந்திரம் ஏற்பது என்னும் தீர்ப்பு. அவசரத்தில் ஓர் எந்திரத்தினின்று சிறு உறுப்பைக் கழற்றினால் நாளை மற்றொன்று; விரைவில் அதுவும் எலும்புக்கூடாகும். இன்று ஒன்றைக் காத்த செயல் நாளை வரிசை முழுவதையும் வீழ்த்தவும் கூடும்.

1949ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக வங்கி வேளாண் எந்திரங்களுக்காக இந்தியாவுக்கு 1 கோடி டாலர் கடன் வழங்க இசைந்தது. இந்தியா அவ்வங்கியிடம் பெற்ற இரண்டாவது கடன் அது. புதிய டிராக்டர்கள் வந்தன. இலட்சக்கணக்கான ஏக்கர் நிலம் மீண்டது. புதியவை வரும்வரை களத்தில் நின்றவை பழையனவே என்பது மறக்கத்தக்கதன்று.

மணிலாவின் மறுபக்கம்

இதே காலத்தில் கீழை ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது புதுச்சேரிக்கு நெருக்கமான செய்தி. நிலக்கடலையை இவ்வட்டாரம் மணிலாக் கொட்டை என்றே வழங்குகிறது. பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகரின் பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மணிலா புதுச்சேரித் துறைமுகம் வழியே மார்சேய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. போருக்குப்பின் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் வருந்திய பிரிட்டன், தாங்கனிக்காவில் தானே பெரும் பரப்பில் கடலை விளைவிக்க முனைந்தது. 1947இல் கொங்வா என்னுமிடத்தில் காடழிக்கும் வேலை தொடங்கியது. அதற்கென வாங்கிய டிராக்டர்களுள் பல, பிலிப்பைன்சில் அமெரிக்கப் படை விட்டுச்சென்றவை. மணிலாக் கொட்டை பயிரிட மணிலா நாட்டுக் கழிவு எந்திரங்கள் கப்பலேறின.

அவற்றுள் பெரும்பகுதி விரைவில் நின்றுபோயிற்று. உறுப்புகள் இல்லை, போதிய பட்டறை இல்லை, பழகிய கம்மியர் இல்லை. ஷெர்மன் போர் டாங்கிகளை டிராக்டராக மாற்றி ‘ஷெர்விக்’ எனப் பெயரிட்டு அனுப்பியும் பயன் சிறிதே. வெயிலில் செங்கல்லாய் இறுகும் மண்ணும் பொய்த்த மழையும் எஞ்சியதை முடித்தன. 1951ஆம் ஆண்டு சனவரியில் திட்டம் கைவிடப்பட்டபோது ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் பவுன் இழப்பாகியிருந்தது. தோல்விக்கு மண்ணும் மழையுமே முதற்காரணம். ஆயினும் பழைய எந்திரம் மலிவென வாங்கியோர், அதனை ஓட்டும் அறிவு மலிவாய்க் கிடைக்காது என்பதை எண்ணவில்லை.

முடிவுரை

உழைப்பவரைப் பாடிய பாவேந்தர் பிறந்த ஊர் புதுச்சேரி. 1898இல் தோன்றி, ரோடியர் மில் என மக்கள் வழங்கிய பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது. நூல் நூற்ற எந்திரங்களோடு, அவற்றைக் கழற்றிப் பூட்டிய கம்மியர் தலைமுறையும் கலைந்து வருகிறது. அவர்தம் அறிவு ஏட்டில் இல்லை, பேச்சில் இருக்கிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் விரவிய பட்டறைச் சொற்களில், கருவிக்கும் உறுப்புக்கும் தேய்மானத்துக்கும் இட்டு வழங்கிய பெயர்களில் இருக்கிறது. எந்திரத்தின் உறுப்பை மற்றோர் எந்திரத்தில் பூட்டலாம். சொன்னவர் மறைந்தபின் சொல்லைக் கழற்றி எடுக்க இடமில்லை. அகராதிகள் விட்டுவிட்ட அச்சொற்களைக் கேட்டுத் தொகுப்பது சொல்லையே தொழிலாகக் கொண்ட பாவலர்க்கு உரிய கடமை. அதற்குரிய பருவமும் கோடை உழவைப் போன்றே குறுகியது.