பால்டரைக் கொன்ற புல்லுருவி

கிறிஸ்துமஸ் நாட்களில் வீட்டு வாசலில் புல்லுருவிக் கொத்தைத் தொங்கவிட்டு, அதன்கீழ் எதிர்ப்படுவோர் முத்தமிட்டுக்கொள்ளும் ஆங்கிலேய வழக்கத்துக்கு, கிறித்தவத்துக்கு முந்திய ஸ்காண்டிநேவியாவின் நோர்ஸ் சமயத்துக் காதல் தெய்வமே மூலம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இறந்த மகன் பால்டர் உயிர்த்தெழுந்ததும் ஃபிரிக் என்னும் தேவி அச்செடியை அன்பின் சின்னமாக்கினாள், அவள் கண்ணீரே அதன் வெண்ணிறக் கனிகளாயிற்று என்பது அக்கதை. பழைய நூல்கள் எதிலும் இக்கதை இல்லை.

முதலில், ஃபிரிக் காதல் தெய்வமே அல்லள். அவள் தெய்வங்களின் தலைவனான ஓடினின் மனைவி. எல்லோருடைய விதியையும் அறிந்தும் வாய்திறவாதவள். காதலுக்குரியவள் ஃபிரேயா, பூனைகள் இழுக்கும் தேரில் செல்லும் அவளுக்குப் போரில் மடிந்தோரில் பாதிப்பேர் உரியவர்கள். பிற்காலத்தார் இவ்விருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொண்டதும் முத்தக் கதைக்கு இடமளித்தது.

ஐஸ்லாந்தின் அறிஞரும் அரசியல் தலைவருமான ஸ்னோரி ஸ்துர்லுசன் 1220-ஐ ஒட்டி எழுதிய எட்டா என்னும் நூல் சொல்வது வேறு. பால்டர் தன் சாவைக் கனவில் கண்டு கலங்கியபோது, தீ, நீர், இரும்பு, கல், நோய், நஞ்சு, விலங்கு, மரம் என அனைத்திடமும் அவனுக்குத் தீங்கு செய்வதில்லை என்று ஃபிரிக் சத்தியம் வாங்கினாள். வல்ஹல்லா மாளிகைக்கு மேற்கே வளர்ந்த புல்லுருவியை மட்டும், சத்தியம் கேட்கத் தகாத இளந்தளிர் என்று விட்டுவிட்டாள். பெண் உருவில் வந்து இதை அவள் வாயிலிருந்தே அறிந்துகொண்ட வஞ்சகன் லோகி, அத்தளிரைப் ஹோட் என்னும் பார்வையற்ற தெய்வத்தின் கையில் கொடுத்து எறியச் செய்ய, பால்டர் மாண்டான். கணவனின் சிதையைக் கண்ட நன்னா நெஞ்சு வெடித்து இறந்தாள். உலகிலுள்ள யாவும் அழுதால் பால்டரைத் திருப்பி அனுப்புவதாகப் பாதாள அரசி ஹெல் இசைந்தாள். கல்லும் மரமும்கூட அழுதன. தோக் என்னும் அரக்கி ஒருத்தி மட்டும் மறுத்தாள். இளையது என்று இரங்கி விட்டுவைத்ததே மகனைக் கொன்றது என்பதும், உலகமே அழுதும் அவன் மீளவில்லை என்பதுமே இக்கதையின் உயிர்; அவனை உடனே எழுப்பிவிடும் புதுக்கதையில் அந்த உயிர் போய்விடுகிறது.

மூலக்கதையும் ஒரே வடிவில் வழங்கவில்லை. 1200-ஐ ஒட்டி டென்மார்க்கின் வரலாற்றை இலத்தீனில் எழுதிய சாக்சோ கிராமாட்டிகஸ், பால்டரை ஒரு வாளால் இறக்கச் செய்கிறார். அவர் நூலில் புல்லுருவியே இல்லை. ஸ்னோரியின் ஐஸ்லாந்திலோ அச்செடி இயல்பாக வளர்வதில்லை.

பிற மரங்களின் கிளையில் வேரூன்றி நீரை உறிஞ்சும் இச்செடி, தாங்கும் மரம் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்திலும் பச்சையாகவே இருப்பதால் மக்களை வியக்க வைத்தது. பண்டைய பிரான்சுப் பகுதியான கால் நாட்டின் துருயிதுகள் எனப்பட்ட பூசகர்கள் ஓக் மரத்துப் புல்லுருவியைப் பொன் அரிவாளால் அறுத்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் பதிவு செய்தார். அதில் முத்தம் பற்றிய பேச்சில்லை. முத்த வழக்கத்துக்கான சான்றுகள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி இங்கிலாந்திலிருந்தே தெளிவாகக் கிடைக்கின்றன. 1820 அளவில் அதை விவரித்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், முத்தத்துக்கு ஒரு கனியாகப் பறிப்பார்கள் என்றும், கனிகள் தீர்ந்ததும் அவ்வுரிமையும் தீர்ந்தது என்றும் குறிக்கிறார். தாமஸ் பெர்சியின் மொழிபெயர்ப்பு வழியே எட்டாக் கதைகள் ஆங்கில வாசகரை அடைந்ததும் 1770-இல்தான். அடுத்தடுத்துப் புகழ்பெற்ற இவ்விரண்டும் ஒரே செடியைச் சுற்றியிருந்ததால், பண்ணை வீட்டுச் சமையலறையின் விளையாட்டுக்குத் தெய்வ வரலாறு ஒன்றைத் தேடியவர்கள் ஃபிரிக்கின் துயரத்தை எடுத்து, முடிவை மாற்றிக்கொண்டார்கள்.