இருட்டா, வோல்ட்டா? மினசோட்டாவில் உயிர்மருத்துவப் பொறியியலின் தொடக்கம் பற்றி

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் கைகோத்த கதையைப் பெரும்பாலும் ஒரு மின்தடையிலிருந்துதான் தொடங்குவார்கள். 1957 அக்டோபர் 31 அன்று மினியாபொலிஸ் நகரம் இருண்டது. சுவர் மின்சாரத்தில் ஓடிய பேஸ்மேக்கர்களை நம்பியிருந்த குழந்தைகளின் உயிர் ஊசலாடியது. அறுவை மருத்துவர் வால்டன் லில்லஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்து வந்த ஏர்ல் பேக்கனிடம் மாற்றுவழி கேட்டார். நான்கே வாரத்தில் மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டி தயாரானது.

இது பேக்கனே பலமுறை சொன்ன கதை. அவர் சொன்ன நிகழ்வுகளோடு எனக்குச் சண்டையில்லை. அந்த இருட்டைக் கதையின் அச்சாக நிறுத்துவதோடுதான் சண்டை. (அன்று ஒரு குழந்தை இறந்தது என்று சொல்லும் விவரிப்புகள் உண்டு, அதைத் தொடாமலே போகும் விவரிப்புகளும் உண்டு. என் வாதம் அதைச் சார்ந்திருக்கவில்லை.)

பேக்கன் தரப்புக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட்டே மேலே போகவேண்டும். அவர் சொல்லும் ஒரு நுணுக்கம் பொன்னானது. முதலில் அவர் யோசித்தது கார் பேட்டரியை. அதன் 6 வோல்ட்டை 115 ஆக உயர்த்தி, பழைய பெரிய கருவியையே ஓட்டலாம் என்பது திட்டம். பிறகுதான் அதன் அபத்தம் அவருக்கு உறைத்தது. இதயத்துக்குப் போவது சில வோல்ட் துடிப்பு. அதற்கு எதற்கு 115? உடனே 1956இல் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழில் வந்த மெட்ரோனோம் சுற்று நினைவுக்கு வந்தது. இசைப் பயிற்சிக்குத் தாளம் தட்டும் அந்த இரண்டு டிரான்சிஸ்டர் சுற்றிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, 9.4 வோல்ட் பாதரச மின்கலத்தோடு அலுமினியப் பெட்டிக்குள் அடைத்தார்.

இந்தச் சாட்சியத்தையே அவர் கதைக்கு எதிராக நிறுத்துகிறேன். சில வோல்ட் போதும் என்ற நிலை எப்போது வந்தது? மின்தடை நாளில் அல்ல. 1952இல் பாஸ்டனில் மருத்துவர் பால் ஜோல் மார்புத் தோலின் வழியே மின்துடிப்பு கொடுத்தபோது 50 முதல் 150 வோல்ட் வரை தேவைப்பட்டது. தோல் புண்ணாகி, நோயாளிகள் வலியில் துடித்தனர். அந்த அளவு மின்னழுத்தத்தை எந்த மெட்ரோனோம் சுற்றும் தந்திருக்காது.

இங்கே ஒரு தலைப்பின் முன் சற்று நிற்க விரும்புகிறேன். 1957இன் 'சர்ஜிக்கல் ஃபோரம்' தொகுதியில் வைரிக், காட், லில்லஹை மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பு, முழு இதயத் தடைக்கு இதயத்தசை மின்முனையையும் செயற்கைப் பேஸ்மேக்கரையும் இணைத்துப் பயன்படுத்தும் சிகிச்சை என்று பொருள்படும். மின்முனை முன்னால் நிற்கிறது, கருவி பின்னால். தற்செயலான வரிசை என்று தள்ளலாம், நான் தள்ளவில்லை. இதயத்தசையிலேயே தைத்த அந்தக் கம்பிதான் வோல்ட்டைக் கீழே இறக்கியது. அதை நோயாளியிடம் முதலில் பயன்படுத்தியது 1957 ஜனவரி 30இல், அதாவது நகரம் இருளுவதற்கு ஒன்பது மாதம் முன்பு. கம்பியோடு இணைத்த கருவியும் புதிதல்ல; உடலியங்கியல் ஆய்வகங்களில் தவளைத் தசையைத் துடிக்கவைக்கப் பயன்பட்ட கிராஸ் தூண்டுகருவி வகை. அந்த யோசனையைத் தந்தவர் அதே பல்கலைக்கழகத்தின் உடலியங்கியலாளர் ஜான் ஜான்சன். ஆக, பெட்டிக்கு முன்பே அறுவை அரங்கும் ஆய்வகமும் பேசிக்கொண்டிருந்தன. பேக்கன் மூன்றாவதாக வந்தார்.

வெளியாளாகவும் வரவில்லை. 1948இல் அதே பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்று மேற்படிப்பில் சேர்ந்தவர். மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்ததால், அங்கே பழுதான கருவிகள் அவர் கைக்கு வந்தன. 1949இல் மைத்துனரோடு கராஜில் தொடங்கிய மெட்ரானிக் நிறுவனத்தின் முதல் மாத வருமானம் 8 டாலர். அதே பல்கலைக்கழக வளாகத்தில் 1939 முதல் ஆட்டோ ஷ்மிட் இருந்தார். கணவாய் மீனின் நரம்பை ஆராயப்போய் 'ஷ்மிட் டிரிகர்' சுற்றை உருவாக்கியவர். விலங்கியலிலும் மின்பொறியியலிலும் ஒருசேரக் கால் வைத்திருந்தவர்.

இவ்வளவு இருந்தும் அங்கே உயிர்மருத்துவப் பொறியியலுக்குத் தனித்துறை வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1966இலும், வர்ஜீனியாவில் 1967இலும் அந்தக் கல்வி அமைப்பாக உருவெடுத்துவிட்டது. பெட்டி பிறந்த இடம் ஏன் பிந்தியது? ஆவணம் இங்கே மெலிகிறது. ஆனாலும் அழுத்தமாகவே சொல்கிறேன்: பெட்டி பிறந்ததால்தான் பிந்தியது. மருத்துவமனைக் கதவைத் தட்டினால் பொறியாளர் கிடைத்தார், பொறியாளர் கேட்டால் நோயாளியின் கட்டில் வரை போக முடிந்தது. அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தவரை, பாடத்திட்டமாக அதை எழுதும் அவசரம் யாருக்கு இருந்திருக்கும்? மாற்றுச் சான்று கிடைத்தால் இந்த வரியைத் திரும்பப் பெறத் தயார்.

பெட்டி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட நாளை 1957இன் கடைசி வாரங்கள் என்பதற்கு மேல் குறுக்க நான் துணியவில்லை. விலங்கு ஆய்வகத்தில் சோதிக்கத்தான் பேக்கன் அதைக் கொடுத்தார். மறுநாள் வந்தபோது அது ஒரு குழந்தையின் இதயத்தோடு இணைந்திருந்ததாம். வேறு வேலையாக வந்தவர் வாசலிலேயே திகைத்து நின்றார் என்கிறது அவர் சொல்லும் கதை. அந்த 'மறுநாள்' எந்த நாள் என்பதைக் கதை சொல்லவில்லை.