சுருக்குப்பையும் கணக்கேடும்

முடியும் கொடியும், வாளும் வேலும்தான் வரலாறு என்று நமக்குக் கற்பித்தார்கள். நாமும் அதையே வகுப்பறையில் ஒப்புவிக்கிறோம். பதினைந்து இருபது பெண்கள் பாய் விரித்தமர்ந்து காசெண்ணிய கதையை எந்த ஏடு எழுதிற்று?

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. அறுபதாண்டு கழித்து, 1989-இல், அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. வாழ்க அச்சட்டம்! ஆனால் தோழர்களே, கையகல நிலமும் இல்லாதவன் மகளுக்கு எதில் பங்கு? தந்தையின் கடனில்தானே! ஓசூரில் சிப்காட் ஆலைகள் எழுந்துவிட்ட காலம்தான் அது. கேழ்வரகு விதைக்கும் சிற்றூருக்கோ கந்துவட்டிக்காரனே கதி.

அதே 1989-இல், ஓசூரும் கிருட்டிணகிரியும் அடங்கியிருந்த அந்நாளைய தருமபுரி மாவட்டத்தில் விடையொன்று முளைத்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் உதவ, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்த, இந்தியன் வங்கி கடன் வழங்க, மகளிர் சுய உதவிக் குழுக்கள் எழுந்தன. எல்லைக்கு அப்பால் கருநாடகச் சிற்றூர்களில் இம்முறையை முன்பே பழகியிருந்த மைராடா தொண்டு நிறுவனம் துணை நின்றது.

ஒவ்வொருத்தியும் சிறு தொகை சேர்ப்பாள். சேர்ந்ததை யாருக்கு, என்ன வட்டிக்குத் தருவதென்று குழுவே முடிவு செய்யும். பின்னர் வங்கி, நகையோ நிலமோ ஈடு கேளாமல், குழுவை நம்பிக் கடன் தரும். பத்திரமும் பட்டாவும் இல்லாதவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் சொல்லே பிணை! கந்துவட்டிக்காரன் திண்ணையில் கைநாட்டு வைத்தவள், வங்கிப் படியேறிக் கையெழுத்திட்டாள். 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு நாடளாவிய சோதனையைத் தொடங்குமுன்பே நடந்தது இது. 1997-98-இல் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவிற்று.

குறையை மறைப்பானேன்? கடன் அவள் பெயரில், தவணை அவள் தலையில்; பணம் மட்டும் பல வீடுகளில் கணவன் கைக்குப் போயிற்று. கறவை மாடு வாங்கினால் புல்லறுப்பவள் அவள். பால்காசு யார் மடியில்? குழுவின் கணக்கேட்டில் அதற்குப் பத்தி இல்லை.