81,800 காசுச் சரம்: 1077 சோழத் தூதும் நார்த்தாமலை நகரமும்

1077இல் சோழநாட்டிலிருந்து சீனம் சென்ற தூதைப் பற்றிய எழுத்துகளில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 72 பேர், 81,800 சரம் செப்புக்காசு. இந்த இரண்டாவது எண்ணை நம்பியே ஒரு விளக்கம் நெடுநாளாக நிலைபெற்றிருக்கிறது. சீனப் பணம் கடற்கரையில் இறங்கி, காவிரிக்குத் தெற்கே உள்நாட்டுக்குள் புகுந்து, கொடும்பாளூர், நார்த்தாமலை போன்ற வணிக ஊர்களைச் செழிக்க வைத்தது என்பது அதன் சாரம். கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் தெரியும் நார்த்தாமலைக் குன்றுகளை முன்வைத்து, இந்த விளக்கம் நிற்காது என்று காட்ட முயல்கிறேன்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். சீனத்தின் சோங் அரசவரலாற்றின் 489ஆம் இயலில் உள்ள சோழநாட்டுக் குறிப்பு மூன்று தூதர்களின் பெயரைத் தந்து, அவர்கள் உள்ளிட்ட 27 பேர் வந்தார்கள் என்கிறது. 72 என்பது இலக்கம் இடம் மாறியதால் பிறந்த எண் என்றே நினைக்கிறேன். ஒருவர் எடுத்தாண்டதை அடுத்தவரும் எடுத்தாண்டிருக்கலாம். இது வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம் அல்ல. 72 பேர் என்றால் ஓர் அரசவையின் பெரும் பரிவாரம் கண்முன் வருகிறது. 27 பேர் என்றால், கப்பலேறிப் பழகிய வணிகர் குழு ஒன்று அரசன் பெயரால் போயிருப்பதாகவே படுகிறது. துணைத்தூதரின் பெயர் சீன எழுத்தில் நான்-பெய்-பா-தா என்று ஒலிக்கிறது. இதை ‘நம்பி’ என்று தொடங்கும் தமிழ்ப்பெயராகக் கொள்ள ஆசைதான், வற்புறுத்த மாட்டேன்.

அதே குறிப்பின் கடைசி வரி இன்னும் முக்கியமானது. அரசனுக்கு மறுகொடையாக 81,800 சரம் காசும் 52,000 தயெல் (சீன எடையளவு) வெள்ளியும் வழங்கப்பட்டன என்று அது முடிகிறது. நம் எழுத்துகளில் காசு நிலைத்துவிட்டது, வெள்ளி உதிர்ந்துவிட்டது. வெள்ளியைத் திரும்பச் சேர்த்துப் படித்தால் கணக்கே மாறிவிடுகிறது.

சதுரத் துளையிட்ட சோங் காசு ஒன்றைக் கையில் எடுத்தால் மூன்றரை முதல் நான்கு கிராம் இருக்கும். பெயருக்கு ஒரு சரம் ஆயிரம் காசு. அரசுக் கணக்கில் 770 காசே ஒரு சரமாகச் செல்லும். குறைந்த அளவுகளையே எடுத்துக்கொண்டாலும் 6 கோடியே 29 லட்சத்துக்கு மேற்பட்ட காசுகள், ஏறத்தாழ 220 டன் செம்புக்கலவை. 1323இல் கொரியக் கரையில் மூழ்கிய சினான் கப்பலில் 28 டன் காசு இருந்தது. கடலடியில் கிடைத்த காசுக் குவியல்களில் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதைப்போல எட்டு கப்பல் நிறையக் காசை 27 பேர் கடாரம் வழியாக நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை ஏற்க முடியுமா? 52,000 தயெல் வெள்ளியோ சுமார் 2 டன். கப்பலின் ஒரு மூலையில் அடங்கிவிடும். வெள்ளியைக் கட்டிக்கொண்டு, காசைக் குவாங்சோவிலேயே பட்டுக்கும் பீங்கானுக்கும் செலவழிப்பதுதான் எந்த மரக்கல நாயகனும் செய்யக்கூடியது.

இங்கே ஒரு தடை எழும் என்பதை அறிவேன். செப்புக்காசை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதியை சோங் அமைச்சர் வாங் அன்ஷியின் ஆட்சிச் சீர்திருத்தம் 1074இல் தளர்த்தியிருந்தது. காசு கடல் கடந்து போகிறது என்று சாங் ஃபாங்பிங் போன்ற அமைச்சர்கள் முறையிட்டதும் அந்த ஆண்டுகளில்தான். ஆகவே சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் கதவு திறந்திருந்தது என்பதாலேயே சரக்கு வெளியே போனது என்று ஆகாது. வந்த காசெல்லாம் உருக்கிச் செப்புத் திருமேனிகளாக வார்க்கப்பட்டது என்ற வாதமோ, இல்லாத சான்றின் இடத்தில் ஊகத்தை உட்கார வைக்கிறது. அதற்கு மேல் அதில் நிற்க வேண்டியதில்லை.

கிடைத்திருக்கும் காசுகளும் இதையே சொல்கின்றன. தமிழ்நாட்டின் சீனக்காசுப் புதையல்களில் அறியப்பட்டவை விக்கிரமம், ஓலையக்குன்னம், தாளிக்கோட்டை ஆகிய இடங்களைச் சேர்ந்தவை. மூன்றும் பழைய தஞ்சை மாவட்டம். எல்லாம் சேர்ந்து சில ஆயிரம் காசுகள். ஆறு கோடி எங்கே, சில ஆயிரம் எங்கே!

கொடுக்கப்பட்ட தொகையையும் அது போய்ச்சேர்ந்த இடத்தையும் ஒன்றாக்கிக் குழப்புவது பழைய வரலாற்றுக்கு மட்டும் உரிய பிழை அல்ல. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது வந்த 112 கோடி டாலர், துறைமுகக் கடனை அடைத்துவிட்டதாக இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. சீன வங்கிக் கடன் அப்படியே நின்றது. சீனத்தோடு கொண்ட உறவு ஒரு நாட்டுப் பொருளாதாரத்தை எப்படி மாற்றியது என்று கேட்போர், ஒப்பந்தத் தொகையை விட்டுவிட்டு அது எந்தக் கையில் தங்கியது என்பதையே பின்தொடர வேண்டும்.

இனி நார்த்தாமலை. நகரத்தார் மலை என்பதே மருவி இப்பெயரானது. கல்வெட்டுகளில் இவ்வூர் தெலுங்ககுலகாலபுரம். இங்கே இருந்தது ‘நகரம்’ என்னும் வணிகர் சபை. தெலுங்ககுலகாலன் முதலாம் ராஜராஜனின் பட்டப்பெயர். அவன் அனுப்பிய முதல் தூது 1,150 நாள் பயணித்து 1015இல்தான் சீனம் சேர்ந்தது. அதற்குள் அவன் ஆட்சியே முடிந்துவிட்டது. அவன் பட்டத்தைத் தாங்கிய வணிக ஊர், சீனப் பணம் வந்திருக்கக்கூடிய காலத்துக்கு முன்பே தழைத்திருக்க வேண்டும். பின்வந்த அரசர் ஒருவர் முன்னோன் பட்டத்தை இந்த ஊருக்குச் சூட்டினார் என்று சொல்வோர் அதற்கான காரணத்தையும் சொல்லட்டும். இந்த நகரத்தார் நிலம் விற்றார்கள், கோயிலுக்குக் கொடுத்தார்கள். அவர்களின் வலிமை ஏரிப்பாசனமும் பெருவழியும் சார்ந்தது. கடல் வணிகம் இவர்களை ஆக்கவில்லை. இவர்களைப் போன்றவர்கள் இருந்ததால்தான் கடல் வணிகம் நடந்தது.

தூது கொண்டுபோன சரக்குப் பட்டியலை இந்த நோக்கில் படித்தால் தெளிவு கூடுகிறது. குங்கிலியமும் பன்னீரும் அரபு, பாரசீக நாட்டுச் சரக்கு. கிராம்பும் கற்பூரமும் தென்கிழக்குத் தீவுகளுடையவை. பெருங்காயம் வடமேற்கிலிருந்து வந்தது. முத்து மட்டுமே நம் கடலுக்கு உரியது என்று துணிந்து சொல்லலாம். தூதர்கள் அரியணை முன் மண்டியிட்டு முத்தையும் கற்பூரத்தையும் தரையில் தூவினார்கள் என்று குறிப்பு சொல்கிறது: ஒன்று மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி எடுத்தது, மற்றொன்று வாங்கி விற்றது. சோழநாடு சீனத்துக்கு உற்பத்தியாளராக நிற்கவில்லை, இடைத்தரகராக நின்றது. இடைத்தரகின் ஆதாயம் துறைமுகத்தையும் கப்பல் உடையவர்களையும் சுற்றியே தங்கும். சில ஆயிரம் காசுகளும் டெல்டாவில் புதைந்து, நார்த்தாமலைப் பாறைவரை வராமல் போனது இதனோடு பொருந்துகிறது.

புதுக்கோட்டைப் பகுதியின் வணிகக் கல்வெட்டுகளில் வெள்ளி குறிக்கப்படும் இடங்களை 1077க்கு முன், பின் என்று பிரித்து அட்டவணைப்படுத்துவதே அடுத்து ஆக வேண்டிய வேலை. 52,000 தயெலில் ஒரு பங்காவது கரையிலிருந்து உள்ளே ஏறியிருந்தால், அதன் தடம் செம்பில் இராது, அந்தக் கல்வெட்டுகளில்தான் இருக்கும்.