பிரிக்காத பழைய இசைத்தட்டு: எவ்வளவு பெறும்?

தாத்தாவின் அலமாரியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத எல்பி இசைத்தட்டு கிடைத்ததா? அவசரப்பட்டுப் பிரிச்சுடாதீங்க. பிரித்துவிட்டால் அதை மறுபடியும் 'சீல்' தட்டாக விற்க முடியாது.

ஆனா, சீல் இருக்கேன்னு அப்படியே நம்பிடவும் வேண்டாம். அந்த மெல்லிய பிளாஸ்டிக்கைச் சூட்டில் சுருக்கி ஒட்டும் கருவியை யாரும் வாங்கலாம். தேய்ந்த தட்டையும் மீண்டும் சுற்றிவிடலாம்.

முதலில் அட்டையைப் பாருங்க. பிளாஸ்டிக்குக்கு அடியில் மூலைகள் மழுங்கியிருக்கா? சந்தேகப்படலாம். 1960களில் வந்த பதிப்புன்னு சொல்றாங்க, ஆனா அட்டையில் பார்கோடு அச்சாகியிருக்கா? அது மறுபதிப்பு. கடைகளில் பார்கோடு வந்ததே 1974இல்தான்.

பதிப்பை அடையாளம் காட்டும் எண், தட்டில் லேபிளைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும். பிரிக்காமல் அதைப் படிக்க வழியில்லை! அதனால்தான் தட்டு யாரிடமிருந்து வந்தது என்ற கதைக்கும் காசு உண்டு. 1966இல் பீட்டில்ஸ் குழுவின் 'யெஸ்டர்டே அண்ட் டுடே' இசைத்தட்டின் முதல் அட்டை சர்ச்சையானதால் கேப்பிட்டல் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. நிறுவனத் தலைவர் ஆலன் லிவிங்ஸ்டன் தம் வீட்டில் வைத்திருந்த பிரிக்காத பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லியே தேடுகிறார்கள்.

நம்ம ஊர் வெக்கையில் தட்டு வளைந்தும் போகலாம். கண்மட்டத்தில் பிடித்து, ஓரத்தைப் பாருங்க.

விலைக்கு டிஸ்காக்ஸ் தளத்தில் அதே பதிப்பைத் தேடுங்க. விற்பவர் கேட்கும் விலையை விடுங்க, கடைசியாக விற்றுப்போன விலைதான் கணக்கு.